இடையன்குடி ஆலயம் அந்நியச் சின்னமா?

அந்நிய ஆட்சி 1947ஆம் வருஷத்தில் நீங்கியது. அந்நியர் எழுப்பிய கட்டிடங்கள் நின்றன. ரயில்வே ஸ்டேஷனும் ஹைகோர்ட்டும் கலெக்டர் கச்சேரியும் நம்முடையவையாகிவிட்டன. அவற்றின் தோற்றம் மேனாட்டுத் தோற்றம் என்பதற்காக அவற்றை இடிக்க வேண்டுமென்று எவரும் சொல்லக் காணோம். ஆயினும், ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கூர்நுனி வளைவுகளைக் கண்டால் மட்டும் நமது தேசாபிமானிகளில் சிலருக்கு நெற்றி சுருங்குகிறது. “வெள்ளைக்காரன் நட்டுப்போன கல்” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளுவது நியாயந்தானா என்று ஆராய்வது அவசியம் என நாம் கருதுகிறோம். ஒரு கட்டிடத்தின் தேசியத்தை எதைக்கொண்டு நிச்சயிப்பது? அதன் வடிவத்தைக் கொண்டா? வரைந்தவனின் நிறத்தைக் கொண்டா? கல்லைச் சுமந்த தோளைக் கொண்டா? அல்லது அதன் வாசலில் நுழையும் கால்களைக் கொண்டா?

மல்லாங்கிணற்றில் இருந்துகொண்டு நாம் இதை எழுதுகிறோம். ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை முழுவதும் இப்படித்தான்: ஆற்றை நம்ப வழியில்லை, கண்மாயும் கிணறும் வானமுமே கதி. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவித்து, மழை தவறினால் பிழைப்புக்கு ஊர்விட்டு ஊர் போகும் ஜனங்கள் நாம். நம் பக்கத்து மண்டபசாலையில் அமெரிக்க மதுரை மிஷனார் ஒரு நிலையம் வைத்திருந்தனர். 1834இல் மதுரைக்கு வந்த அம்மிஷனார் சபைகளின் சமத்துவத்தைப் பெரிதென்று கொண்ட பிரிவினர். பிரசங்கம் கேட்கக் கூடும் இடமே ஆலயம் என்பது அவர்கள் பழக்கம். ஆகையால் கூர்வளைவும் ஊசிக் கோபுரமும் ஆலயத்துக்கு இன்றியமையாதவை என்று அவர்கள் எண்ணவில்லை. அவற்றை இன்றியமையாதவை என்று நம்பியவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையார். அவர்களுடைய கைவரிசையைக் காண வேண்டுமானால் நாம் தெற்கே, திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிகளுக்குச் செல்ல வேண்டும்.

அந்தத் தேரிக்காடு நமக்கு அந்நியமன்று. அருப்புக்கோட்டையிலும் பாளையம்பட்டியிலும் விருதுநகரிலும் பேட்டை அமைத்து வாணிகத்தில் தழைத்த நாடார் குடும்பங்களின் முன்னோர் கருப்பட்டியும் கருவாடும் மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தது அந்தப் பனை நாட்டிலிருந்தேயாம். நமது கரிசலும் அவர்களது தேரியும் வறட்சியில் உடன்பிறந்தவை. அங்கே திசையன்விளைக்கு அருகில் உள்ள சிற்றூர் இடையன்குடி. அவ்வூரின் சேகர ஆலயமாகிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பற்றியே நாம் பேசப்போகிறோம்.

முதலில் ‘கோதிக்’ என்னும் பெயரைக் கவனிப்போம். இக்கலை பிறந்தது பிரான்ஸ் தேசத்தில். பாரிஸ் நகரத்தை அடுத்த ஸேன் தெனி மடாலயத்தில், ஸுஜே என்னும் மடாதிபதி 1140 முதல் 1144 வரை கட்டிய பகுதியே இதன் முதல் முழு உருவம் என்பர். பிறந்த காலத்தில் இதற்கு இந்தப் பெயர் கிடையாது. நானூறு வருஷம் கழித்து, பழைய ரோமாபுரியின் கலையே கலை என்று நினைத்த இத்தாலியப் பண்டிதர்கள், ‘ரோமாபுரியை அழித்த கோத்தர் என்னும் காட்டுமிராண்டிகளின் வேலை’ என்று இகழ்ந்து இட்ட பெயரே அது. இகழ்ச்சியாக வந்த பெயர் பின்னால் பெருமைக்குரிய பெயராயிற்று. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இகழ்ச்சிப் பெயர்களைப் பற்றிய பேச்சு பின்னும் வரும்.

கூர்நுனி வளைவின் சூட்சுமம் யாது? இரண்டு வில்கள் எதிரெதிரே சாய்ந்து உச்சியில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் கற்கள் நிற்கின்றன. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும். கூர்வளைவோ பாரத்தின் பெரும்பகுதியைக் கீழ்நோக்கி இறக்கிவிடுகிறது. மிஞ்சிய தள்ளுதலை வெளிப்புறத்து முட்டுச்சுவர்கள் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் சுவரை மெலிதாக்கலாம், உயர்த்தலாம், பெரிய சாளரங்களைத் திறக்கலாம். சூரியன் மங்கலான வடதேசத்தில் வெளிச்சத்தை உள்ளே அழைப்பதற்காக வளர்ந்த கலை இது.

இந்த வளைவும் ஐரோப்பாவின் தனிச்சொத்து அன்று. கூர்வளைவு கிழக்கே முஸ்லிம் தேசங்களில் வழங்கி, அங்கிருந்தே மேற்கே சென்றது என்பது கலை சரித்திர அறிஞர் பலருடைய துணிபு. நமது நாட்டிலும் அது புதிதன்று. 1636இல் மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய மஹாலில் நின்று மேலே பார்த்தவர்களுக்கு வளைவுகளைப் பற்றி ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அவ்வளவு அகலமான வளைவுகளை எழுப்பியவர்கள் நம் பக்கத்துக் கொத்தர்களே. தூணும் உத்திரமுமாகக் கருங்கல் மண்டபம் கட்டுவது நமது கோயில் மரபு. வளைவு கட்டுவது நமது அரண்மனை மரபு. ஆக, கிறிஸ்தவ ஆலயத்தின் வளைவு இங்கே வந்தபோது அதைக் கட்டத் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன.

இனி, அந்த வளைவு பனங்காட்டுக்கு வந்த காரணத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் கோதிக் கலைக்குப் புத்துயிர் உண்டாயிற்று. பியூஜின் என்னும் சிற்பி 1836இல் வெளியிட்ட நூலில், பழைய கூர்வளைவுக் கலையே கிறிஸ்தவத்துக்கு உரிய கலை என்று வாதித்தார். 1839இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தோன்றிய ஒரு சங்கம், ஆலயம் எப்படி இருக்க வேண்டுமென்று சட்டமே வகுத்தது. 1834இல் தீயில் எரிந்துபோன லண்டன் பார்லிமெண்டு மாளிகையைக்கூடக் கோதிக் முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். எந்த மாளிகையில் நமது தலைவிதி நிர்ணயிக்கப்பட்டதோ, அந்த மாளிகையின் வளைவும் இடையன்குடி ஆலயத்தின் வளைவும் ஒரே காலத்து எண்ணத்தில் உதித்தவை. தேசாபிமானிகளின் சந்தேகத்துக்கு இதனால் ஆதாரம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆலயத்தைக் கட்டத் தொடங்கியவர் ராபர்ட் கால்டுவெல். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னைக்கு லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராக வந்தவர். 1841இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்து, சுவிசேஷ பரவுதல் சங்கத்தின் ஊழியராய்ப் பெரும்பகுதி கால்நடையாகவே தெற்கே பிரயாணம் செய்து இடையன்குடி வந்து சேர்ந்தார். அங்கே ஏறத்தாழ ஐம்பது வருஷம் வாழ்ந்தார். தமிழ் தனித்து இயங்கவல்லது என்றும், தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பம் என்றும் நிறுவிய அவருடைய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவ்விலக்கணத்தை அறிந்த தமிழர் பலர். அதே மனிதர் முப்பது வருஷத்துக்கு மேல் ஓர் ஆலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

இடையன்குடி ஆலயத்துக்கு 1847இல் அஸ்திவாரம் இடப்பட்டது. அதே வருஷத்தில், கடலோரத்தை நோக்கிச் சற்று வடக்கே, மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்னும் மற்றொரு பாதிரியார் எழுப்பிய கோதிக் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. மெய்ஞ்ஞானபுரத்தார் கட்டி முடித்த வருஷத்தில் தொடங்கிய இடையன்குடியார், முடித்தது 1880இல்! அஸ்திவாரத்துக்கும் பிரதிஷ்டைக்கும் இடையே 33 வருஷங்கள்.

அந்த 33 வருஷத்தில் தேசம் எத்தனை மாறுதல்களைக் கண்டது! 1857இல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். 1858இல் கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்தது. 1876இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று. 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். அந்த நாளில் சென்னை ராஜதானியின் ஜனங்கள் கஞ்சித்தொட்டிகளின் முன்னே நின்றார்கள். பஞ்சம் முடிவதற்குள் தென்னாட்டில் மாண்டவர் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பலர் கணக்கு. பனையின் பதநீரையும் கிழங்கையும் நம்பிய தேரிக்காட்டையும், மானாவாரியை நம்பிய நமது கரிசலையும் பஞ்சம் ஒருசேர வாட்டிற்று. அந்த வருஷமே கால்டுவெல் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்; பஞ்ச நிவாரண வேலையிலும் ஈடுபட்டார். பஞ்சம் தணிந்த இரண்டு வருஷத்துக்குள் ஆலயம் முடிவெய்தியது. பசியால் மெலிந்த ஓர் ஊர், அவ்வளவு கல்லையும் சுண்ணாம்பையும் உயரே ஏற்றி முடித்தது என்பதை எண்ணும்போது, அதை வெறும் பாதிரியார் வேலை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கட்டிட வேலை எப்படி நடக்கும் என்பது நம் ஊர்க் கொத்தருக்குத் தெரியும். வளைவின் உருவில் முதலில் மரச்சட்டம் நிறுத்த வேண்டும். ஆப்புப்போல் செதுக்கிய கற்களை இரு புறமிருந்தும் அடுக்கிக்கொண்டுபோய் உச்சியில் முட்டவிட வேண்டும். சாந்து இறுகிய பிறகே சட்டத்தைப் பிரிக்கலாம். ஒரு கல் அளவு தவறினாலும் வளைவு வாய் பிளக்கும். சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் விட்டுப் பக்குவப்படுத்துவது தென்னாட்டுக் கொத்தர்கள் வழிவழியாகக் கையாண்ட முறை. வரைபடம் அயர்லாந்துக்காரருடையதாக இருக்கலாம். கல் உடைத்தவர், சாரம் கட்டியவர், சாந்து அரைத்தவர், கூடை சுமந்த பெண்கள் எல்லோரும் இம்மண்ணின் மக்களே. திருநெல்வேலிச் சபைகளில், உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி ஒதுக்கிக் காணிக்கையாகச் சேர்ப்பது பழைய வழக்கம். நாளுக்கு இருமுறை பனையேறி இறங்குகிறவன் வீட்டில் ஒரு பிடி அரிசியின் விலை என்னவென்று வறண்ட பூமியில் பிறந்த நமக்குச் சொல்ல வேண்டுமோ?

இனிக் கசப்பான பகுதிக்கு வருகிறோம். ஆலயத்துக்கு அஸ்திவாரமிட்ட இரண்டு வருஷத்தில், அதாவது 1849இல், கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். எந்த ஜனங்களை நம்பி ஆலயம் எழுந்ததோ, அந்த ஜனங்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி எழுதினார். சீமையில் உள்ளவர்களுக்காக எழுதியது சீமையோடு நின்றுவிடுமா? படித்த நாடார்களின் கையில் அது கிடைத்ததும் அவர்களுடைய நெஞ்சம் கொதித்தது. அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் புண் ஆறவில்லை.

நாசரேத்தில் மிஷன் உபதேசியாராக இருந்து வெள்ளைப் பாதிரியாரோடு மாறுபட்டு விலகிய சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், 1857இல் முக்குப்பீறியை மையமாகக் கொண்டு தனிச் சபையே கண்டார். கிறிஸ்துவை வைத்துக்கொண்டார், ஐரோப்பியத் தலைமையையும் ஐரோப்பியச் சடங்குகளையும் தள்ளினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, சுதேச வழக்கங்களோடு வழிபாடு நடத்தினார். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு 28 வருஷங்களுக்கு முன்பே, ஒரு பனங்காட்டுத் தமிழர் மதத் துறையில் சுயராஜ்யம் கேட்டார் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. நமது தேசிய சரித்திர நூல்களில் அவருக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காதது நியாயமன்று.

அப்படியிருந்தும் இடையன்குடியில் கட்டிட வேலை நடந்தது, ஆலயம் முடிந்தது, ஜனங்கள் அதில் வழிபட்டார்கள். காரணம் என்ன? ஆலயம் ஆசிரியரின் நூலைவிடப் பெரிது என்று அவர்கள் உணர்ந்தார்கள் என்பதே நமது அபிப்பிராயம். நூல் அவர்களைத் தாழ்ந்தவர் என்றது. ஆலயத்தின் வாசல் அவர்களை உள்ளே வா என்றது. பிற்காலத்தில் இலங்கையிலும் ரங்கூனிலும் சென்னையிலும் பரவிய அவர்கள் சந்ததியார் கல்வியாலும் வாணிகத்தாலும் அந்நூலுக்குப் பதில் எழுதிவிட்டார்கள். இத்தாலியர் இகழ்ந்த ‘கோதிக்’ எப்படிப் பெருமைப் பெயராயிற்றோ, அப்படியே வெள்ளையர் இகழ்ந்த குலமும் தலைநிமிர்ந்தது.

வாசலின் மதிப்பு என்னவென்று அறிய வேண்டுமானால் நமது கமுதியை நினைத்துக்கொண்டால் போதும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காக வழக்குத் தொடரப்பட்டது. ராமநாதபுரம் சேதுபதியின் வழக்கு மதுரையில் ஆரம்பித்து லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்று, 1908இல் நுழைந்தவர்களுக்கு விரோதமாகவே முடிந்தது. கல்லும் நம்முடையது, சிற்பியும் நம்மவர், தெய்வமும் நம்முடையது. வாசல் மட்டும் நம்மில் பலருக்கு மூடியிருந்தது! 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துச் சென்ற பிறகுதான் நமது முகத்தில் இருந்த கரி சிறிது கழிந்தது.

கிறிஸ்தவ ஆலயங்களில் இந்தப் பாவம் இல்லை என்று யாரும் பெருமை கொள்ள வேண்டாம். இடையன்குடி இருக்கும் அதே வட்டாரத்தில் வடக்கன்குளம் இருக்கிறது. அங்கே கத்தோலிக்கர் 1872இல் கட்டிய ஆலயம் கட்டிடக் கலையிலேயே ஓர் அவமானம். பீடம் ஒன்று, அதை நோக்கி ஓடும் மண்டபங்கள் இரண்டு. விரித்துவைத்த கால்சட்டைபோல் அமைந்த அந்த ஆலயத்தில், வேளாளரும் அவரைச் சார்ந்தோரும் ஒரு காலில், நாடார்கள் மறு காலில், நடுவே சுவர். ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாமலே ஒரே கடவுளைத் தொழலாம்! சிற்பசாஸ்திரம் எதிலும் இல்லாத இந்த வடிவத்தை வரைந்தது பென்சில் அன்று, சாதி. 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். அதன்மேல் வழக்கு நடந்தது. இடித்தது இடித்ததுதான் என்று நிலைத்தது.

இடையன்குடியையும் வடக்கன்குளத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்கள் நமது கேள்விக்கு விடை காண்பார்கள். இரண்டையும் மேற்பார்த்தவர்கள் வெள்ளைப் பாதிரிமாரே. இரண்டையும் கட்டியவர்கள் தமிழரே. வடக்கன்குளத்தில் உண்மையில் அந்நியமாக இருந்தது எது? ஐரோப்பியச் சாயல் கொண்ட வளைவா, நம் நாட்டுச் சாதியார் கேட்டு வாங்கிய சுவரா? மனிதத் தன்மைக்கு அந்நியமானது அந்தச் சுவரே என்று தயங்காமல் சொல்வோம்.

1947ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தேசம் விடுதலை பெற்றது. செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை ஸெயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலத் திருச்சபையாரும் மெதடிஸ்டுகளும், நமது மதுரைச் சீமை அமெரிக்க மிஷன் சபைகளை உள்ளடக்கிய ஐக்கிய சபையும் அதில் ஒன்றாயினர். கூர்வளைவு இல்லாமல் ஆலயம் இல்லை என்றவர்களும், கூரையும் பிரசங்கமும் போதும் என்றவர்களும் ஒரு குடும்பமானார்கள்! இன்று இடையன்குடி ஆலயம் தமிழர்கள் நிர்வகிக்கும் ஒரு சேகரத்தின் ஆலயம். குருவானவர் தமிழர், மணி அடிக்கும் கோயில்பிள்ளை தமிழர். 1891இல் கொடைக்கானலில் காலமாகி, அங்கிருந்து கொண்டுவரப்பட்ட கால்டுவெல்லின் உடலும் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறது. 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்கியது. தமிழுக்கு அவர் செய்த தொண்டுக்கு இம்மரியாதைகள் தகும். ஆனால் 33 வருஷம் கல் சுமந்தவர்களுக்குச் சிலை எங்கே?

இவ்விஷயத்தில் வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கிறோம். பழைய ஆலயமோ கோயிலோ பள்ளிவாசலோ உங்கள் ஊரில் இருந்தால், அதன் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூச இடங்கொடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிட்டு மூச்சுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த மூச்சை அடைக்கும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் சுவரைத் தின்னும். நல்லெண்ணத்தோடு செய்யும் ‘புதுப்பித்தல்’ நூறு வருஷம் நின்ற சுவரைப் பத்து வருஷத்தில் பொடியாக்கிவிடக்கூடும். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களை அழையுங்கள், இளைஞர்களை அவர்களிடம் வேலை கற்க விடுங்கள்.

இரண்டாவது, கட்டியவர்களைப் பற்றி எழுதி வையுங்கள். எந்தக் குடும்பத்தார் கல் வெட்டினர், எந்தத் தெருவார் சாந்து அரைத்தனர், எந்தப் பஞ்ச வருஷத்தில் வேலை நின்றது, யார் உள்ளே விடப்பட்டனர், யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பவை பெரியவர்களின் நாவில் இருக்கின்றன. அவர்களோடு அவை மறைந்துபோகும். திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலுக்கும், மல்லாங்கிணற்றுப் பெருமாள் கோயிலுக்கும், மண்டபசாலை ஜெபவீட்டுக்கும் இது பொருந்தும். உண்மையான தேச சரித்திரம் அப்படித்தான் சேகரமாகும்.

அந்நியன் வரைந்தான் என்பதற்காக நம்மவர் வியர்வையை நாம் தள்ளுவோமானால், அந்நியன் எழுதிய இகழ்ச்சியை நாமே இரண்டாம் முறை எழுதியவர்களாவோம். வளைவு எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன், வாசல் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்கப் பழகுவோமாக. அந்தக் கேள்வியை இடையன்குடியில் மட்டுமன்று, நமது ஊர் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு வாசலிலும் கேட்போமாக.